ஸ்ரீபெரும்புதூரும் நமது ஓய்வூதியமும்

(ரொறன்ரோ, ஸ்காபுரோவில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியத்தையோ சமயப் பனுவலையோ எதிர்பார்த்து வருகின்ற சபையின் முன்னே, செல்பேசித் தொழிற்சாலைகளைப் பற்றிப் பேசத் துணிவது சம்பிரதாயத்துக்குச் சற்று மாறான காரியம் என்பதை அறிவேன். ஆயினும் தமிழ்நாட்டில் இன்று இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் ஒரே கூரையின் கீழ்க் கூடுகின்ற இடம் கோயிலும் அன்று, கலாசாலையும் அன்று; காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலைகளின் உற்பத்தி வரிசைகளே அவ்விடம். அப்பெண்கள் பூட்டிய திருகாணிகள்தாம் இந்தச் சபையில் பலருடைய சட்டைப்பையிலும் கைப்பையிலும் இப்போது இருக்கின்றன. தமிழர் வாழ்வைப் பற்றிப் பேச வந்தவன் அவர்களை விட்டுவிட்டுப் பேசுவது எனக்குச் சரியெனத் தோன்றவில்லை.

என் கட்சி இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வேலை வேண்டத்தக்க வேலை. அதை வேண்டாமென்று சொல்ல இங்கே குளிர்சாதன அறையில் இருந்துகொண்டு நமக்கு யாதொரு யோக்கியதையும் இல்லை. ஆனால் அது, செய்பவளுடைய உரிமை முதிர்வதற்கு இடங்கொடாத வேலையாக, வேண்டுமென்றே அப்படி அமைக்கப்பட்ட வேலையாக இருக்கிறது. பதினெட்டு வயதில் சேர்ந்தவள் இருபத்தைந்தில் வெளியேறிவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. ஒப்பந்த முறையும், விடுதி வாழ்க்கையும், கல்யாணமும், வியாபாரத்தின் ஏற்றத்தாழ்வும் ஒன்றுகூடி அதை விதித்துவிடுகின்றன.

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீபெரும்புதூர். வைணவர்களுக்கு அஃது இராமாநுசர் அவதரித்த ஸ்தலம். மற்றையோருக்கு 1991 மே 21ஆம் நாள் நிகழ்ந்த இந்திய முன்னாள் பிரதமரின் கொலையால் நினைவில் நிற்கும் ஊர். அந்நாளுக்குப் பிறகு தமிழகத்து அகதி முகாம்களில் இருந்த நம்மவர் பட்ட பாட்டை இந்தச் சபையில் சிலருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைத்துவந்த அந்த வட்டாரத்தில், 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் நிறுவனம் கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியதும், அதனைத் தொடர்ந்து ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என்று மாநில அரசு நிறுவனமான சிப்காட்டின் தொழிற்பேட்டைகள் பரவியதும், ஒரு தலைமுறைக் காலத்துக்குள் நிகழ்ந்த பெருமாற்றங்கள்.

செல்பேசியின் கதை 2005இல் தொடங்குகிறது. அவ்வாண்டு தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட பின்லாந்து தேசத்து நோக்கியா நிறுவனம், அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே உற்பத்தியை ஆரம்பித்தது. துறைமுகம் அருகே இருந்தது. விமான நிலையம் அருகே இருந்தது. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்ற பெயரில் வரிச் சலுகைகள் கிடைத்தன. இவையெல்லாவற்றையும்விட முக்கியமாக, பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ படித்துவிட்டு மேலே என்ன செய்வதென்று தெரியாமல் வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் முதலான மாவட்டங்களில் வீட்டோடு இருந்த பெண்கள் பல்லாயிரவர் கிடைத்தனர். இலவசச் சீருடையும் சத்துணவும் சைக்கிளும் கொடுத்துப் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பிய அரசாங்கங்களின் பல ஆண்டு முயற்சியினுடைய பலனை, ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தயார் நிலையில் பெற்றுக்கொண்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. முதலீட்டைப் பற்றிப் பேசுவோர் கம்பெனி கொண்டுவந்த பணத்தை மட்டும் கணக்கெழுதுவது வழக்கம். சத்துணவுக் கூடத்தில் கொதித்த உலைக்கும் அக்கணக்கில் ஒரு வரி உண்டு.

உச்ச நிலையில் அங்கே ஏறக்குறைய 8,000 பேர் நேரடியாக வேலை செய்தனர். உதிரிப்பாகங்கள் தரும் கம்பெனிகளில் அதைவிடப் பன்மடங்கினர். கையில் முதற்சம்பளம் வாங்கிய பெண் தம்பியின் படிப்புக்குப் பணங்கட்டினாள். அப்பன் வாங்கிய கந்துவட்டிக் கடனை அடைத்தாள். தன் கல்யாணத்துக்குத் தானே நகை சேர்த்தாள். குடும்பத்துக்குள் அவள் பேச்சுக்கு ஒரு மதிப்பு ஏற்பட்டது. இவற்றை அற்பமென்று எண்ணுபவர் கிராமத்தை அறியாதவர். அதே தொழிற்சாலையில் 2010 அக்டோபர் மாத இறுதியில் இளம்பெண் ஒருத்தி இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தாள் என்பதையும் இதனோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு வந்தது வீழ்ச்சி. தொடுதிரைப் பேசிகளின் வரவால் நோக்கியாவின் வியாபாரம் உலகெங்கும் சரிந்துகொண்டிருந்த வேளையில், 2013 ஜனவரியில் வருமான வரி அதிகாரிகள் சென்னைத் தொழிற்சாலைக்குச் சென்று சோதனையிட்டனர். மென்பொருளுக்காகத் தாய்க் கம்பெனிக்குச் செலுத்திய தொகைக்கு வரி பிடித்திருக்க வேண்டுமென்று சொல்லி, ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பினர். அவ்வாண்டு செப்டம்பரில் கைப்பேசி வியாபாரத்தையே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வாங்க முன்வந்தது. வழக்கு முடியும்வரை சென்னைத் தொழிற்சாலையைக் கைமாற்ற வேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்குப் பிணை கொடுக்கவேண்டுமென நீதிமன்றம் கூறியது, கம்பெனி இணங்கவில்லை. 2014 ஏப்ரலில் வியாபாரம் கைமாறியபோது பின்லாந்தும் சீனமும் வியட்நாமும் புதிய முதலாளியிடம் போயின. சென்னை ஒதுக்கி வைக்கப்பட்டது. விருப்ப ஓய்வுத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டு, ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் அதை ஏற்றுக்கொண்டு வெளியேறினர். இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! 2014 நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தி நின்றது. அதை நம்பி அருகே இயங்கிவந்த பாக்ஸ்கான் தொழிற்சாலையும் அவ்வாண்டு டிசம்பரில் மூடப்பட்டது.

வரி வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2018இல் இந்திய அரசும் பின்லாந்து அரசும் கலந்து பேசி, ஒரு தொகைக்கு உடன்பட்டு, விவகாரத்தைச் சுமுகமாக முடித்துக்கொண்டன. கட்டடத்தை 2019இல் மின்னூட்டிகள் செய்யும் சால்காம்ப் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அரசாங்கத்துக்கு வரி கிடைத்தது. கம்பெனிக்குச் சாந்தி கிடைத்தது. கட்டடத்துக்கும் வேறு முதலாளி கிடைத்தான். நான்கு வருஷத்துக்கு முன்பே பஸ் ஏறிப் போய்விட்ட பெண்களை மாத்திரம் அந்தச் சமாதானத்தில் யாரும் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை.

இவ்விடத்தில் சிலர் மனத்தில், இந்தியாவில் எல்லாம் இப்படித்தான் என்ற ஓர் எண்ணம் எழக்கூடும். நம்முடைய கனடாவைப் பாருங்கள். ஒரு காலத்தில் ரொறன்ரோப் பங்குச் சந்தையின் மொத்த மதிப்பில் மூன்றிலொரு பங்கைத் தானே வகித்த நோர்ட்டெல் நிறுவனம், 2009 ஜனவரி 14ஆம் நாள் திவால் பாதுகாப்புக் கோரியது. அதன் காப்புரிமைகளை மட்டும் 2011இல் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் முதலிய கம்பெனிகள் சேர்ந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கின. அப்பணத்தை எந்த நாட்டுக் கடன்காரருக்கு எவ்வளவு பிரிப்பது என்பதற்காக 2014இல் ரொறன்ரோவிலும் அமெரிக்காவின் வில்மிங்டன் நகரிலும் இரு நீதிபதிகள் ஒரே சமயத்தில், காணொளியால் இணைக்கப்பட்டு, ஒரு வழக்கை விசாரித்தார்கள். வக்கீல்களுக்கும் கணக்கர்களுக்கும் போன தொகை மட்டும் நூறு கோடி டாலரைத் தாண்டும். இதற்கிடையில், நோயினால் வேலை செய்ய இயலாமற்போய் நீண்டகால உதவித்தொகையில் வாழ்ந்திருந்த சுமார் 400 பேருக்கு 2010 டிசம்பரோடு அத்தொகை நின்றுபோயிற்று. ஆகவே தொழிலாளியைக் கடைசி வரிசையில் நிறுத்தும் வித்தை கீழைத்தேயத்துக்கு மாத்திரம் உரியது அன்று. வித்தியாசம் ஒன்று உண்டு: நோர்ட்டெல் தொழிலாளருக்கு இழப்பதற்கு ஓர் ஓய்வூதியமாவது இருந்தது.

ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்புவோம். செல்பேசித் தொழில் அங்கே மீண்டும் துளிர்த்தது. முன்னைக் காட்டிலும் பெரிதாகவே துளிர்த்தது. 2018இல் இறக்குமதிப் பேசிகளின்மேல் 20 சதவீதச் சுங்கவரி விதிக்கப்பட்டதும், 2020இல் உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை என்ற திட்டம் வந்ததும், சீனத்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்தென்று மேனாட்டுக் கம்பெனிகள் அஞ்சத் தலைப்பட்டதும் அதற்குக் காரணங்கள். பாக்ஸ்கான் திரும்பி வந்து 2019இல் ஐபோன்களைப் பூட்டத் தொடங்கிற்று. தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2022-23இல் 537 கோடி டாலராக இருந்தது, 2024-25இல் 1,465 கோடி டாலராயிற்று; இந்திய நாட்டின் இத்துறை ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு தமிழ்நாட்டினுடையது. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டிலே உள்ளவர்கள் என்பது இன்னும் பெரிய செய்தி. இதைக் கேட்டுப் பெருமைப்படுவதில் பிழையில்லை, நானும் பெருமைப்படுகிறேன்.

ஆனால் ஏற்றுமதிக் கணக்கைப் பார்க்கும்போது இன்னொரு கணக்கையும் பக்கத்திலே வைத்துக்கொள்ள வேண்டும். ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆராய்ச்சி நிறுவனம் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று, அந்நாளைய ஐபோன் ஒன்றின் உற்பத்திச் செலவு ஏறக்குறைய 179 டாலர் என்றும், அதில் சீனத்தில் பூட்டுவதற்கான கூலி ஆறரை டாலர் மட்டுமே என்றும் கண்டது. விகிதம் இன்று ஓரளவு மாறியிருக்கலாம். பல பாகங்கள் உள்நாட்டிலேயே செய்யப்படத் தொடங்கியுள்ளன. எனினும் அமைப்பு மாறவில்லை. திரையும் சில்லும் கேமராவும் வேறு தேசங்களிலிருந்து வர, அவற்றை ஒன்றுசேர்த்து, சோதித்து, பெட்டியிலிட்டு அனுப்பும் வேலைதான் பெரும்பாலும் நம் பெண்களுக்குக் கிடைக்கிறது. அந்த வேலைக்கு நல்ல கண்ணும் நடுங்காத விரலும் எட்டு மணி நேரம் நிற்கும் காலும் வேண்டும். கம்பெனிக்குத் தேவையானது இளமை.

இளமையை வாங்குகிற முறை எப்படிப்பட்டது என்பது 2021 டிசம்பரில் உலகத்துக்கு வெளிப்பட்டது. பூந்தமல்லியை அடுத்த ஒரு விடுதியில் தங்கியிருந்த பாக்ஸ்கான் பெண்கள் சுமார் 250 பேர் கெட்ட உணவினால் நோயுற்றனர். 159 பேரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. சிலர் இறந்துபோனார்கள் என்றொரு வதந்தி கைப்பேசி வழியே விடுதிக்கு விடுதி பரவியது. அது பொய்யென்று அதிகாரிகள் சொன்னார்கள். உண்மையில் எவரும் இறக்கவில்லை. ஆயினும் அதிகாரிகள் சொன்னதை நம்புவதற்கு அப்பெண்களுக்கு அதுவரை யாதொரு காரணமும் ஏற்பட்டிருக்கவில்லை. டிசம்பர் 18ஆம் நாள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சங்கம் இல்லை, கொடி இல்லை, தலைவர் என்று ஒருவரும் இல்லை. பதினேழாயிரம் பேர் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டு, அடுத்த ஆண்டு ஜனவரி 12 வரை திறக்கப்படவில்லை.

அப்போதுதான் விடுதிகளின் நிலை பத்திரிகைகளில் வந்தது. ஆறு பேர் முதல் முப்பது பேர்வரை ஓர் அறையில், பலர் தரையில் படுத்திருந்ததும், சில விடுதிகளின் கழிப்பறையில் குழாய்த் தண்ணீரே இல்லாததும் ராய்ட்டர்ஸ் செய்தியாளரிடம் அவர்கள் சொன்ன விவரங்கள். அந்நாளில் அவர்கள் மாதச் சம்பளம் ஏறக்குறைய 10,500 ரூபாய். ஆப்பிள் நிறுவனம் அத்தொழிற்சாலையைத் தன் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. நான் இதில் கவனிப்பது ஒன்று. அப்பெண்கள் கேட்டது கூலி உயர்வன்று. புழுவில்லாத சோறும் தண்ணீர் வரும் குழாயும். கம்பெனிக்கும் விடுதிக்கும் இடையே ஒப்பந்தக்காரர், அவருக்கும் கீழே ஆள்சேர்க்கும் ஏஜென்ட் என்று அடுக்கடுக்காக ஆட்களை வைத்திருந்தபடியால், சோறு யாருடைய பொறுப்பு என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நெடுஞ்சாலையை மறிக்க வேண்டியிருந்தது. இந்த ரொறன்ரோவிலே ஏஜென்சி மூலம் தொழிற்சாலை வேலைக்குப் போய், கை நசுங்கினால் யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் நின்ற அனுபவம் நம்மவர் பலருக்கு உண்டு; ஆகையால் இதை விளக்க வேண்டியதில்லை.

அரசாங்கம் இதற்குப் பரிகாரம் தேடாமலில்லை. 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதிக் கட்டடங்களை 706 கோடி ரூபாய்ச் செலவில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டு 17ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். பாக்ஸ்கான் தலைவரும் தைவானிலிருந்து வந்திருந்தார். பழைய விடுதிகளோடு ஒப்பிட இது மகத்தான முன்னேற்றம். எனக்குள்ள ஆட்சேபம் வேறு. 18,720 கட்டில்கள் இருக்கின்றன. தொட்டில் ஒன்றுகூட இல்லை. ஓர் ஊரை உண்டாக்குவதற்குப் பதிலாக ஒரு பெரிய தங்குமிடத்தை உண்டாக்கியிருக்கிறோம். மணமான பெண்ணும் அவள் கணவனும் குழந்தையும் வசிக்கத்தக்க வாடகை வீடுகள், பக்கத்திலே பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம் என்று அரசு திட்டமிட்டிருந்தால், இவள் இங்கே இருபது ஆண்டு இருக்கப்போகிறவள் என்ற நம்பிக்கையில் கட்டியதாக ஆகியிருக்கும். விடுதி என்பது திரும்பிப் போகிறவளுக்குக் கட்டுவது.

திரும்பிப் போகவேண்டும் என்பது யாருடைய விருப்பம் என்பதும் அதே ஆண்டு வெளிவந்தது. மணமான பெண்களை ஐபோன் வரிசையில் வேலைக்கு எடுப்பதில்லை என்ற நடைமுறை ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையில் இருந்துவருவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் விரிவாக எழுதியது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அதிக விடுப்பு என்பன ஆள்சேர்ப்போர் சொன்ன காரணங்கள். நடுவண் அரசின் தொழிலாளர் துறை தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் தலையிட்டது. கம்பெனி, அப்படியொரு கொள்கையே இல்லை, அண்மையில் சேர்த்தவர்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் மணமானவர்களே என்று மறுத்தது. சில மாதங்களில், விளம்பரங்களில் மண நிலையைக் குறிப்பிட வேண்டாமென்று ஏஜென்ட்டுகளுக்குச் சொல்லப்பட்டதாகவும் செய்தி வந்தது. இதைக் கேட்டு நாம் மிகவும் துணுக்குற்றுவிட வேண்டாம்; கனடாவின் மத்திய அரசு உத்தியோகங்களிலேயே மணமான பெண்களுக்கிருந்த தடை 1955இல்தான் நீங்கியது. இங்கே அது நீங்கியதற்குக் காரணம் முதலாளிகளின் மனமாற்றமன்று. கேட்பதற்குச் சங்கமும், கேட்டால் பதில் சொல்ல வேண்டிய மந்திரிகளும் இருந்தார்கள்.

சங்கம் என்ற பேச்சு வந்ததால் தமிழ் படித்தவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27ஆம் நாள் பிறந்தது. அதைக் கட்டியவர்களுள் திரு.வி. கலியாணசுந்தரனார் முக்கியமானவர், வாடியா தலைவர். பெரம்பூரில் இருந்த பின்னி ஆலையின் நிர்வாகம் அச்சங்கத்தார்மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடை வாங்கியது; சங்கம் வைப்பதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும் என்ற கிளர்ச்சி அதிலிருந்தே வலுத்து, 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது. ஆகவே அந்தச் சட்டத்தின் தாய்வீடு பெரம்பூர். அப்படியிருக்க, அதே சட்டத்தின்கீழ்த் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்வதற்காக, பெரம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பிரயாண தூரத்திலுள்ள சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9 முதல் முப்பத்தேழு நாள் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. 2007 முதல் குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் செய்துவரும் தொழிற்சாலை அது. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரக்கூடாதென்பது ஆட்சேபங்களுள் ஒன்று. மழையில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தவர்களை இரவில் போலீஸ் வந்து பிடித்ததும், பந்தல் பிரிக்கப்பட்டதும், அக்டோபர் நடுவில் உடன்பாடு ஏற்பட்டதும், பின்னர் உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025 ஜனவரியில் பதிவு கிடைத்ததும் பத்திரிகை படித்தவர்களுக்குத் தெரியும். தொழிற்சங்கத்தை நூறு ஆண்டுக்கு முன்பே தமிழில் பேசவும் எழுதவும் கற்றுக்கொடுத்த ஒரு நாட்டில், தொழிலாளர்களின் தோழர் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கட்சியின் ஆட்சியில், பதிவு எண் ஒன்றைப் பெற நீதிமன்றம் போக வேண்டியிருந்தது வெட்கப்பட வேண்டிய காரியம்.

அதே அரசு 2023 ஏப்ரல் 21ஆம் நாள், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தைச் சட்டசபையில் நிறைவேற்றி, எதிர்ப்பு மூண்டதும் நிறுத்தி வைத்து, மே 1ஆம் நாள் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு நூறு வருஷம். பத்தே நாளில் பின்வாங்கியதற்காக அரசைப் பாராட்டுபவர் பாராட்டலாம். நான் பாராட்டுவது, கூட்டணிக் கட்சிகளையும் சங்கங்களையும். அவர்கள் கூச்சலிட்டிராவிட்டால் அந்தச் சட்டம் இன்று நடைமுறையில் இருந்திருக்கும்.

இலங்கையிலிருந்து வந்தவர்கள் இந்தக் கதையின் முற்பகுதியை முன்னமே பார்த்தவர்கள். 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தபோது, தென்னிலங்கைக் கிராமங்களிலிருந்து வந்த சிங்களப் பெண்கள் இப்படித்தான் சிறு அறைகளில் நெருக்கியடித்துத் தங்கி, ஐந்தாறு வருஷம் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, சிறு சேமிப்போடு கல்யாணத்துக்குத் திரும்பிப் போனார்கள். 2011 மே மாதத்தில் அவர்களுடைய எதிர்ப்பு எதற்காக எழுந்தது என்பதை நினைவுகூருங்கள்: தங்கள் சேமிப்பில் கைவைக்கும் ஓய்வூதிய மசோதாவுக்கு எதிராக. போலீஸ் சுட்டதில் ஓர் இளைஞர் மாண்டார், மசோதா கைவிடப்பட்டது. முதுமைவரை அந்த வேலையில் இருக்க முடியாதென்று அறிந்த பெண்கள், முதுமைக்கென்று சொல்லித் தம் பணத்தைப் பூட்டிவைக்கும் சட்டத்தை நம்பாததில் வியப்பில்லை. போருக்குப் பின் கிளிநொச்சியிலும் தையல் ஆலைகள் எழும்பின. இன்று அங்கே வேலை செய்பவள் நம் சகோதரியின் மகளாக இருக்கக்கூடும்.

இவற்றையெல்லாம் சொன்னதும், அப்படியானால் ஐபோன் வாங்கலாகாதா என்று ஒருவர் கேட்பார். வாங்காமலிருப்பது மிகச் சுலபமான தர்மம்; அதனால் சுங்குவார்சத்திரத்தில் ஒருத்திக்கு வேலை போகுமேயன்றி மற்றொருத்திக்குத் தொட்டில் வராது. வேறு சிலர், கம்பெனிகளை நெருக்கினால் வியட்நாமுக்குப் போய்விடும் என்பர். அந்தப் பயம் முற்றிலும் பொய்யன்று. நோக்கியாவை இழந்தவர்களுக்கு அதன் நியாயம் தெரியும். ஆயினும் நோக்கியாவை விரட்டியது சங்கமன்று. வியாபாரச் சரிவும் வரி வழக்கும். 2021இல் நெடுஞ்சாலையை மறித்தபின் ஆப்பிள் ஓடிப்போகவில்லை, உற்பத்தி பெருகியது. பயிற்சி பெற்ற ஆயிரக்கணக்கான கைகளைப் புதிதாக இன்னொரு தேசத்தில் தேடுவது கம்பெனிக்கும் எளிதன்று என்பதைப் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும் அதிகாரிகள் இன்னும் கொஞ்சம் தைரியமாக நம்பலாம்.

இனி ரொறன்ரோவிலிருக்கும் நமக்கு இதில் என்ன இடம் என்பதற்கு வருகிறேன். வாங்குபவர் என்ற இடம் பலவீனமானது என்று சொன்னேன். சட்டத்தின் வழி ஓர் இடம் உண்டு. வினியோகச் சங்கிலிகளில் கட்டாய உழைப்பையும் குழந்தை உழைப்பையும் எதிர்க்கும் சட்டம் கனடாவில் 2024 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் ஆண்டுதோறும் மே 31க்குள் அறிக்கை தரவேண்டும். அவற்றை யாரும் படிக்கலாம். நல்ல தொடக்கமே. ஆனால் அறிக்கை கொடுத்தால் போதும் என்கிறது சட்டம். திருத்த வேண்டும் என்று சொல்லவில்லை. மணமானவளை வேலைக்கு மறுப்பதும் சங்கத்தைப் பதிவு செய்யவிடாமல் தடுப்பதும் அதன் வரம்புக்குள்ளேயே வரமாட்டா.

இன்னும் உறுதியான இடம் ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கே சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் குறிப்பிட்ட வரம்புவரை நூற்றுக்கு 5.95 வீதம் கனடா ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். அந்தப் பணத்தை முதலீடு செய்யும் நிறுவனம் இந்நகரின் குயின் தெருவிலேயே இருக்கிறது. 2025 மார்ச்சு இறுதியில் அதனிடம் இருந்த நிதி 71,000 கோடி டாலருக்கு மேல். அந்நிறுவனம் 2015இல் மும்பையில் அலுவலகம் திறந்தது; 2017இல் இண்டோஸ்பேஸ் என்னும் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, 50 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கி, இந்தியாவில் தொழிற்பூங்காக்களையும் சரக்குக் கிடங்குகளையும் வாங்கத் தொடங்கியது. சென்னை வட்டாரமும் அவற்றில் அடங்கும். பேக்கரியிலும் கிடங்கிலும் இரண்டு வேலை பார்த்து நம் தாய்மார் கட்டிய பணத்தில் ஓர் அணுவேனும் அந்தச் செம்மண்ணில் கட்டடமாய் நின்று வாடகை ஈட்டிக்கொண்டிருக்கிறது. வாடகைக்கு விட்ட கட்டடத்துக்குள் குடியிருப்பவர் நடத்தும் தொழிலுக்கு உரிமையாளர் முழுப் பொறுப்பாளி அல்லர் என்பது உண்மை. எனினும் குடியிருப்பவரிடம் சில நிபந்தனைகளைக் கேட்கும் அதிகாரம் உரிமையாளருக்கு என்றும் உண்டு. அந்த உரிமையாளர் நாம்.

அந்த நிறுவனத்தை அமைத்த சட்டம், இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் அத்திட்டத்தில் பங்குகொள்ளும் ஒவ்வொரு மாகாணத்திலும் அது பொதுக்கூட்டம் நடத்தி, பொதுமக்களின் கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டும் என்று விதித்திருக்கிறது. ஒன்றாரியோவுக்கும் அது பொருந்தும். அக்கூட்டங்களுக்கு வருவோர் தொகை மிகச் சிறிது. வந்தவர்களும் பெரும்பாலும் லாப வீதத்தைத்தான் கேட்பார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஸ்காபுரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் தமிழர் ஐம்பது பேர் போவோம். நீங்கள் வாங்கியிருக்கும் தொழிற்பூங்காக்களில் இயங்கும் கம்பெனிகள் மணமான பெண்களை வேலைக்கு எடுக்கின்றனவா, தொழிலாளர் சங்கம் வைத்திருக்கிறார்களா, ஒப்பந்தக் கூலிகள் எத்தனை பேர், குழந்தைகள் காப்பகம் உண்டா என்னும் நான்கு கேள்விகளை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே கேட்போம். கூட்டத்தின் தேதி முன்கூட்டியே அறிவிக்கப்படும். இந்தச் சபையிலுள்ள இளைஞர்கள் அதைக் கவனித்து எல்லாருக்கும் தெரிவிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.